ஒரு குறவும் இல்ல

கயிற்றை இழுத்தால் வெங்காயத்தைத் தானாக நறுக்கும் என்று படம் போட்ட டப்பா ஒன்று தேயிலை எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டுக்கு வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்பு மேடைக்குக் கீழே தள்ளிவிட்டேன். அருவாமனை இருக்கிற வீட்டுக்கு இதெல்லாம் என்னத்துக்கு? ஆனால் அனுப்பியவள் விடுகிற ஆள் இல்லை. தினமும் போன் செய்து, பிரித்தீர்களா, நறுக்கினீர்களா என்று உயிரை வாங்கினாள்.

அவள் என் நாத்தனார் மகள். எர்ணாகுளத்தில் ஓர் இணையக் கடையின் ஆபீசில் வேலை. புதுச் சாமான்களை விற்பனைக்கு விடும் முன்னால் சில குடும்பங்களுக்குச் சும்மா கொடுத்து, கொஞ்ச நாள் புழங்கச் சொல்வார்களாம். எப்படி இருந்தது என்று செல்போனைப் பார்த்துப் பேசி வீடியோ அனுப்பினால் போதும், சாமான் நமக்கே. தமிழ் பேசுகிற குடும்பம் ஒன்று வேண்டும் என்று யாரோ கேட்க, இவள் எங்களை எழுதிக்கொடுத்துவிட்டாள். மாமா வீட்டில் சும்மாதானே இருக்கிறார் என்றாள். அந்தச் 'சும்மா'வுக்கு அவளை நன்றாகத் திட்டினேன். அவள் சிரித்தாள். சின்ன வயதிலிருந்து என் திட்டைக் கேட்டு வளர்ந்தவள், அவளுக்கு அது உறைக்காது.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கால் திரும்பிவிட்டது, வலது கை மட்டும் திரும்பவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டு அவர் கூடவே வந்துகொண்டிருந்தது. எஸ்டேட் பாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. பரப்பிவைத்த இலையை வலது கையால் ஒரு பிடி அள்ளி, இறுக்கி, விரித்துப் பார்த்து, வாட்டம் போதும் அல்லது போதாது என்று சொல்ல வேண்டும். மெடிக்கல் லீவில் இருந்தார். மழை முடிந்ததும் எஸ்டேட் டாக்டர் கையைப் பார்ப்பார். கை பிடித்தால் வேலை உண்டு. பிடிக்காவிட்டால் வேலை போகும், வேலைக்குத் தந்த இந்த லயத்து வீடும் போகும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அவர் வேலையை வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. நானும் எஸ்டேட்டில் பேர் பதிந்தவள் இல்லை. மூணாறு பஜாரில் டூரிஸ்டுகளுக்கு ஏலக்காயும் சாக்லேட்டும் விற்கிற கடையில் நிற்கிறவள். என் பேருக்கு வீடு தர மாட்டார்கள். கல்யாணமாகி நான் வந்து இறங்கிய வீடு அது. ஓர் அறை, ஒரு அடுப்படி, முன்னால் ரெண்டு முழம் வாசல். இதற்குப் போய் இத்தனை பதைப்பா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வேறு வீடு எங்களுக்கு எங்கேயும் இல்லை. அதனால் அந்தக் கை வர வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இருக்கவில்லை.

அந்த டப்பாவை ஒருவழியாக வெளியே எடுத்தோம். ஒரு கையால் மூடியை அமுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் கயிற்றை இழுக்க வேண்டும். அவர் இடது கையால் இழுத்ததும் டப்பா மேடையிலிருந்து பறந்து கதவில் அடித்து, வெங்காயம் வீடு முழுக்கச் சிதறிவிட்டது. நான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அதில் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கேட்டுவிட்டு, இதை ஆபீசில் காட்ட முடியாது அத்தை என்றாள் நாத்தனார் மகள். மறுபடி எடுத்தோம். டப்பாவை அவர் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். வெங்காயம் பொடிப்பொடியானது. அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்துத்தான் எனக்கு இதில் ஒரு ஆசை வந்தது.

மாதத்துக்கு ஒரு தடவை அடிமாலியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி. மலையாளி, சின்ன வயது, சாந்தமான முகம். அந்த அறைக்குள் நோயாளியை மட்டும்தான் விடுவார்கள். நான் அவருடைய ஸ்வெட்டரையும் குடையையும் வைத்துக்கொண்டு மருந்து வாங்க வரிசையில் நிற்பேன். முதல் மாதம் அவர் வெளியே வந்ததும், என்ன சொன்னார்கள் என்று பறந்துபோய்க் கேட்டேன்.

"ஒரு கொறவும் இல்லன்னாங்க" என்றார்.

அந்த வராந்தாவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பஸ் ஏறும் முன்பு வாழைக்காய் பஜ்ஜி வாங்கி அவர் இடது கையில் கொடுத்தேன். லயத்துக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவிடமும் தண்ணீர்க் குழாயில் நின்றவர்களிடமும் சொன்னேன். கையில் ஒரு குறையும் இல்லையாம், நாளாகுமாம், அவ்வளவுதானாம். நாளாகும் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே சேர்த்துக்கொண்டேன்.

விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நாத்தனார் மகளிடம் சொன்னேன். அதற்கப்புறம் அவள் சாமான்களைப் பொறுக்கி எடுத்து அனுப்ப ஆரம்பித்தாள். தண்டு தடித்த ஸ்பூன் வந்தது. பிழிந்து பிழிந்து விளையாடுகிற, பச்சைக் களிமண் போன்ற உருண்டை வந்தது. கூடவே புத்தகங்கள். பெரியவர்கள் வண்ணம் தீட்டுகிற புத்தகம், காகிதம் மடிக்கிற புத்தகம், ஊசியும் நூலும் வைத்தே வந்த குரோஷே புத்தகம். பொழுதுபோக்குப் புத்தகமாம். எங்களுக்குப் பொழுது போகாமலா கிடந்தது? பொழுது ஓடியது. மழை முடிவதற்குள் கை வர வேண்டுமே என்று நான்தான் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

கடையிலிருந்து வந்து, முகம் கழுவி, சுடுதண்ணீரில் அவர் கையை நனைத்து, தைலம் தேய்த்து, புத்தகத்தைப் பிரிப்பேன். காகிதம் மடிக்கிற புத்தகத்தில் முதல் பாடம் தொப்பி. முனையோடு முனை சேர்த்து நீவு என்று படம் காட்டுகிறது. முனையைப் பிடிக்க ஒரு கை, நீவ ஒரு கை. என் கையை அவர் வலது கைக்குப் பதிலாகக் கொடுப்பேன். அவர் அதைத் தட்டிவிடுவார். அப்புறம் இடது கையால் வலது கையைத் தூக்கிக் காகிதத்தின் மேல் பாரம் மாதிரி வைத்துக்கொண்டு மடிப்பார். தொப்பி வரும், கோணலாக வரும். அதை என் தலையில் வைத்து, எஸ்டேட் மேனேஜரம்மா என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். வலது கையைப் பாரமாக வைக்கவா இத்தனை பாடு, விரலை அசைத்தால் என்ன கேடு என்று கத்துவேன். அவர் அடுத்த காகிதத்தை எடுப்பார்.

பச்சை உருண்டையை மட்டும் அவருக்குப் பிடித்தது. அதை வலது உள்ளங்கையில் வைத்து, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக மூடி, இறுக்கி, மறுபடி ஒவ்வொன்றாகத் திறப்பார். குனிந்து பார்த்து, வாட்டம் பத்தல என்பார். பாக்டரியில் அவர் சொல்கிற அதே குரல். பத்தலன்னா இன்னும் கொஞ்சம் வாட விடுங்க என்பேன் நான். அந்த மழைக்காலத்தில் நாங்கள் பேசிய தமாஷ் அது ஒன்றுதான், தினமும் பேசினோம்.

ஸ்பூன் சரிப்படவில்லை. இடது கையால் சாப்பிடுவதை அவர் யார் முன்னாலும் செய்ததில்லை, என் முன்னால்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். தடித்த தண்டை வலது கை பிடித்துக்கொள்ளும் என்று நம்பி, ரப்பர் பேண்டு போட்டு விரலோடு சேர்த்துக் கட்டினேன். ரசஞ்சோறு வாய்க்குப் போகாமல் மடியில் விழுந்தது. அவர் ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்து அறுத்துவிட்டு, தட்டோடு சுவர் பக்கம் திரும்பினார். வீடியோவில் நான், ஸ்பூன் நல்லா இருக்கு, வயசானவங்களுக்கு ரொம்ப உபயோகம் என்று பேசினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அப்போது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

ஒவ்வொரு மாதமும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒவ்வொரு மாதமும் அவர் வெளியே வந்து அதையே சொன்னார். ஒரு கொறவும் இல்ல. நானும் ஒவ்வொரு மாதமும் குளிர்ந்துபோனேன்.

அப்புறம் ஒரு தடவை ஸ்வெட்டரின் கை அவர் முழங்கையில் சுருண்டு மாட்டிக்கொண்டது. கழற்றிவிட என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன். அந்தப் பெண் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தாள், தன் விரலைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள், ஒன்றும் நடக்கவில்லை. பைலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு குறவும் இல்லல்லோ."

பகல் முழுக்க மலையாளத்தில் வியாபாரம் பேசுகிறவள் நான். அவர்கள் பேச்சில் நோய்க்குக் குறவுண்டு என்றால் நோய் குறைந்திருக்கிறது, தேவலை என்று அர்த்தம். குறவில்ல என்றால் கொஞ்சமும் குறையவில்லை, அப்படியேதான் இருக்கிறது. நாம் ஒரு குறைவும் இல்லை என்று எதைச் சொல்வோம்? எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதைத்தான். சொல் ஒன்றேதான், அங்கேயும் இங்கேயும். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்பப் போய், எப்போதிலிருந்து இப்படி என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான், இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, யார் மேலே கோபப்படுவது என்று தெரியாமல் நின்றேன்.

வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலவே, ஒரு கொறவும் இல்லயாம் என்றார். பாவி மனுசன், தமிழாக்கிக் கேட்டு வைத்திருக்கிறாரே என்று பரிதாபப்பட்டேன். கொழுந்தையும் பாக்டரியையும் தவிர ஒன்றும் அறியாத ஆள். லயத்தில் தமிழ், பாக்டரியில் தமிழ், இவருக்கு எங்கே அந்த வித்தியாசம் தெரியப்போகிறது? ஆமாங்க, நானும் கேட்டேன் என்றேன். வாயைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அவருக்கு அந்த ஒரு நம்பிக்கையாவது இருந்துவிட்டுப் போகட்டும், அதை நான் பிடுங்கக் கூடாது என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் வந்த பார்சல்களைப் பிரிப்பதற்கே எனக்குக் கை கூசியது. ஆனாலும் பிரித்தேன். முன்பைவிடச் சுறுசுறுப்பாகப் பிரித்தேன். எண் போட்ட கட்டங்களில் அதே எண்ணுள்ள வண்ணத்தை நிரப்பினால் ஒரு ஏரியும் படகும் வரும் என்று ஒரு படம் வந்தது. தூரிகையை அவர் விரல்களுக்கு இடையில் செருகி, என் கையால் அவர் கையை மூடிப் பிடித்துக்கொண்டு நான்தான் தீட்டினேன். நல்லா வருதுல்ல என்று கேட்டேன். வருது என்றார். தண்ணீரின் நீலம் படகில் ஏறி, படகின் சிவப்பு வானத்துக்குப் போனது. அந்த ஏரியைக் கிழித்து அடுப்பில் போட்டால் தேவலை என்றிருந்தது. வீடியோவில் மட்டும், குடும்பமாக உட்கார்ந்து செய்ய அருமையான படம் என்று சொன்னேன். நாத்தனார் மகள் சந்தோஷப்பட்டாள். எங்கள் வீடியோதான் ஆபீசில் எல்லாருக்கும் பிடிக்கிறதாம்.

மழை விட்டுவிட்டுப் பெய்கிற நாட்கள் வந்தன. லயம் முடிகிற இடத்தில் ஒரு பலசரக்குக் கடை உண்டு. கடைக்காரர் மலையாளி. என் வீட்டுக்காரர் காலையில் அந்தக் கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒருநாள் பஜாருக்கு நான் போகும் ஜீப் தாமதம். கடைக்குப் பின்பக்கம் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன், நான் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. கடைக்காரரின் சம்சாரத்துக்கு முட்டுவலி. அதைத்தான் இவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"சேச்சிக்கு இப்ப குறவுண்டோ?"

ஒட்டும் குறவில்ல, துளியும் குறையவில்லை என்றார் கடைக்காரர். இவர் உச்சுக்கொட்டினார். அய்யோ, கஷ்டமாயல்லோ என்று மலையாளத்திலேயே சொன்னார். என் கைக்கும் அதே குறவில்லதான் என்கிற மாதிரி இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஜீப் வந்தது, நான் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். எரிச்சல் மண்டைக்கு ஏறியிருந்தது. அடுக்கி வைத்திருந்த புத்தகங்களையும் டப்பாக்களையும் இழுத்துக் கீழே போட்டேன். அவர் வந்து வாசற்படியில் நின்று பார்த்தார்.

"குறவில்லன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"பொறந்ததுலருந்து இங்கனதான கெடக்கேன். அது தெரியாமலா?"

"அப்ப எங்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீக?"

அவர் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். தரையில் கிடந்த ஏரிப் படத்தைக் குனிந்து எடுத்தார்.

"நான் பொய் சொல்லலயே. அந்தப் பொண்ணு சொன்னத அப்படியேதான் சொன்னேன். நீதான் அதத் தமிழா எடுத்துக்கிட்ட. எடுத்ததும் உன் மொகம் அப்படி மலந்துபோச்சு. பொறவு எப்படி மாத்திச் சொல்ல?"

நான் அப்படியே சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பகல் முழுக்க மலையாளம் பேசுகிறேன் என்று பெருமை பேசியவள் நான். அவர் வாயிலிருந்து வந்ததால் தமிழ் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டதோடு விட்டேனா, அவரைப் போய் ஒன்றும் தெரியாதவர் என்று இரக்கப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்றைக்கு ஸ்வெட்டரைக் கழற்ற ஆஸ்பத்திரி அறைக்குள் வந்தபோதே எனக்கும் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இந்தப் படகையெல்லாம் யாருக்கு வரஞ்சோம்?" என்று கேட்டார்.

அவருக்காக நான், எனக்காக அவர். கைக்காக யாரும் எதையும் வரையவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். அழுது முடித்ததும் அவர், பசிக்கிது என்றார். அந்தக் கயிறு டப்பாவில் வெங்காயம் நறுக்கி உப்புமா கிண்டினேன். அன்றைக்குத்தான் அவர் சுவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டார்.

எஸ்டேட் டாக்டர் நல்ல மனுசன். தன் இரண்டு விரலை நீட்டி, பிடிங்க என்றார். இவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் நீட்டிய விரலை மடக்க மனமில்லாமல் நெடுநேரம் வைத்திருந்தார். கடைசியில் இவரே, போதும் சார் என்றார். வீட்டைக் காலி செய்ய அவகாசம் கொடுத்தார்கள். பஜாருக்குப் பின்னால் சரிவில், தகரக் கூரை போட்ட ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. மழை பெய்தால் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது.

நாத்தனார் மகளுக்குப் போன் செய்து, இனி எதுவும் அனுப்பாதே என்றேன். ஏன் அத்தை, மாமாவுக்குச் சரியாகிவிட்டதா என்று ஆவலாகக் கேட்டாள். திட்ட வாயெடுத்தேன், திட்டு வரவில்லை. இங்கே இடம் இல்லடி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். புத்தகங்களைப் பக்கத்து வீட்டு அக்காவின் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அவர்கள் ஏரிப் படத்தைப் பார்த்து, இத யாரு இம்புட்டு அசிங்கமா வரஞ்சது என்று சிரித்தார்கள். நாங்கதான் என்றேன்.

சாமான் ஏற்ற ஜீப் வந்தது. கட்டிலும் பாத்திரமும் ஏறின. பச்சை உருண்டை அவர் சட்டைப் பையில் இருந்தது, நான் கேட்கவில்லை. லயத்து ஆட்கள் வந்து நின்றார்கள். பலசரக்குக் கடைக்காரரும் கடையை விட்டு வந்து, கைக்கு ஒட்டும் குறவில்லே என்று அவர் தோளைத் தொட்டு மலையாளத்தில் கேட்டார். அதே நேரம் பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போற எடத்துல ஒரு கொறவும் இல்லயே என்று கேட்டாள். இவர் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஒரு கொறவும் இல்ல" என்றார்.

அக்கா, அது போதும்யா என்று முகம் தெளிந்தாள். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் நான் ஏறிக்கொண்டேன். அவர் சொன்னது எனக்கு இரண்டு பாஷையிலும் கேட்டது.